இரண்டு வாடகை

கானாடுகாத்தானிலிருந்து திருச்சி ஏர்போர்ட்
ஒன்றரை மணி நேரம்,
லெம்பலக்குடி டோலில் வரிசை இல்லாவிட்டால்.
மதுரை என்றால் இரண்டே கால்,
ரிங் ரோட்டில் லாரிக்காரன் மனசு வைத்தால்.
அதற்கு மேல் வானத்தில் ஓடுவது
என் மீட்டரில் வராது.

வயிரவன் சிங்கப்பூர். சாத்தப்பன் கோலாலம்பூர்.
ஒரே வயிறு.
அந்த இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவே
முந்நூறு கிலோமீட்டர்தானாம்.
ஏறி உட்கார்ந்து காபி ஆறுவதற்குள்
பெல்ட்டைப் போடு, இறங்கப்போகிறோம் என்பார்களாம்.
சாத்தப்பன் மகள் சொன்னது, போன தடவை,
பின்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு.

ஒன்பது வருஷமாக
அந்த ஒரு மணி நேரத்தை யாரும் தாண்டவில்லை.
பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால்
ஆளுக்கு நாலு மணி நேரம் கடல்மேல் பறந்து
தேவகோட்டை கோர்ட்டுக்கு வருவார்கள்.
அதிலும் ஒருவர் திருச்சியில் இறங்குவார், ஒருவர் மதுரையில்,
ஒரே ரப்பர் பட்டையில்
இருவர் பெட்டியும் சுற்றி வந்துவிடக் கூடாதே.

வழக்கு வீட்டுக்கு அல்ல.
வளவு, பட்டாலை, கிணற்றடி எல்லாம்
நூல் பிடித்துப் பிரித்தாயிற்று.
மாடியில் ஓர் அறை மிச்சம்.
அப்பச்சி பூட்டியது.
உள்ளே என்ன என்று இருவருக்குமே தெரியாது.

ஐப்பசி அடைமழை.
மதுரை விமானம் ரத்து,
திருச்சியில் ராத்திரி பன்னிரண்டரைக்கு ஒன்றில்
இடம் வாங்கிவிட்டார் சாத்தப்பன்.
“சேவுகா, வண்டி இருக்கா?”
“இருக்குங்க.”
வண்டியில் யார் இருக்கிறார் என்று
அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பின்கதவைத் திறந்தவர்
முன்சீட்டுப் பிடரியைப் பார்த்து நின்றார்.
இருவர் தலையிலும் ஒரே இடத்தில் சுழி.
குடை நனைந்தது, சட்டை நனைந்தது,
என் சீட்டுக் கவரும் நனைய ஆரம்பித்த பிறகு
ஏறினார்.

திருமயம் போயிற்று.
கோட்டை இருந்த பக்கம் வெறும் இருட்டு.
நமணசமுத்திரம் தாண்டி, வைப்பரிடம் கேட்பதுபோல் கேட்டார் வயிரவன்:

“எத்தன மணிக்கு?”
“பன்னெண்டரை.”

ஒரு நாலு கிலோமீட்டர்.

“எவ்வளவு நேரம் பறக்குது, ஒனக்கு?”
“நாலு மணிக்குப் பத்து நிமிஷம் கம்மி. ஒங்களுக்கு?”
“நாலு. காத்தப் பொறுத்து.”
“ம்.”

புதுக்கோட்டை பைபாஸில் ஒரு மாடு படுத்திருந்தது.
சுற்றிக்கொண்டு போனேன்.

“ஒங்க ஊர்லேருந்து எங்க ஊருக்கு?”
“ஒரு மணி நேரந்தான்னு சொல்றாங்க.”
“பஸ்ஸே இருக்காமே.”
“அது அஞ்சாறு மணி ஆகும்.”
“ஆகுமா.”
“பார்டர்ல எறங்கி ஏறணும்ல.”

வா என்று அவர் சொல்லவில்லை.
வரவா என்று இவர் கேட்கவில்லை.
கீரனூர் வந்ததும் ஏசியைக் குறைக்கச் சொன்னார் வயிரவன்,
“பின்னாடி நனைஞ்சிருக்கு” என்று.

ஏர்போர்ட்டில்
டிக்கியைத் திறந்தபோது அண்ணன் முழு வாடகை நீட்டினார்,
“அவன்ட்ட வாங்கிறாத.”
வண்டியைச் சுற்றி வந்து
ஜன்னலில் தம்பி முழு வாடகை நீட்டினார்,
“அவர்ட்ட வாங்கிறாதப்பா.”
இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.
அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை, சத்தியமாக.

உள்ளே போகும் வாசலில்
பாஸ்போர்ட் காட்டும் வரிசை ஒன்றுதான் இருந்தது.
நடுவே யாரோ ஒரு குடும்பம், அட்டைப் பெட்டிகளோடு.

டீ குடித்தேன். மழை விட்டிருந்தது.
பதினொன்றரைக்கு ஒரு விளக்கு மேலே ஏறியது.
பன்னிரண்டரைக்கு இன்னொன்று.
கிளம்பியிருக்கலாம், ஏனோ இருந்து பார்த்தேன்.

அடுத்த வாய்தா ஜனவரி இருபத்தொன்று.
நேற்று இருவருமே போன் செய்துவிட்டார்கள்.
அண்ணன் வழக்கம்போல் திருச்சி.
தம்பி தேதியை மட்டும் சொன்னார்.
எந்த ஏர்போர்ட் என்று கேட்டேன்.
“சொல்றேன்” என்றார்.